நீல அட்டையும் அம்பை 16-ம்: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பதினெட்டு வருட அனுபவம்

2007 கார் பருவத்தில்தான் முதன்முதலாக நீல அட்டை கட்டிய, அதாவது சான்று பெற்ற, நெல் விதை மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு விதையைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஆச்சி இருந்தவரை விதைநெல் என்றால் கோட்டை கட்டியதுதான். கல்லுப்போலக் காய்ந்த நெல்லை வைக்கோலுக்குள் கொட்டி, பிரி சுற்றி இறுக்கி, மேலே சாணம் மெழுகிக் காயவைத்து மச்சில் ஏற்றிவிடுவாள். விதைப்புக்கு முந்தின நாள் அதைப் பிரிக்கும்போது வரும் வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நிலத்தையே ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று விதையால் அளந்த சீமை இது. அதனால் நான் மூட்டையோடு வந்து இறங்கியதும் சின்னையாவுக்குப் பொறுக்கவில்லை. “விதைய வெலைக்கு வாங்குறவன் வெவசாயியாலே?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையின் அட்டையையும் கழற்றி ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே விதைத்த நாள், முளைத்த கணக்கு, கதிர் வந்த நாள், கண்ட மூட்டை எல்லாம் எழுதி வருகிறேன். இந்தப் பகிர்வு அந்த நோட்டைப் பார்த்து எழுதியதுதான். சேரன்மகாதேவிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை, தண்ணீர் கன்னடியன் கால்வாயில். தண்ணீர் கிடைக்கும் வருடங்களில் ஜூனில் தொடங்கும் காரும், அதற்குப் பின் வந்து மாசியில் அறுக்கும் பிசானமும் என இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்.

முதலில் ரகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கே ஏ.டி.டி 31-ஐயும் கோ 39-ஐயும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கி 1986-ல் வெளியிட்டதுதான் ஏ.எஸ்.டி 16. எங்கள் பக்கம் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அம்பை 16 என்பார்கள். 110 முதல் 115 நாள் வயது, குட்டையான குண்டு மணி. ஜூனில் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் விட்டால், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அறுத்து, களத்தில் காயவைத்து ஏற்றிவிட வேண்டும். கார் நமக்குக் கொடுக்கும் அவகாசம் அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இந்த ரகம் பொருந்துகிறது. இட்லிக்கு இந்த அரிசியைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குச் சன்னம் கேட்கிறவர்கள் தொட மாட்டார்கள், அதனால் வியாபாரி சொல்லும் விலை சன்ன ரகத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இது உண்மையான குறை, மறைக்க விரும்பவில்லை. என் வயலில் சாய்ந்ததே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், தழைச்சத்தை அள்ளிப் போட்ட இரண்டு வருடம் சாய்ந்தது.

இப்போது அட்டை. பத்து வருடமாக வாங்குகிற பலர் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மூட்டையைப் பிரிக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நாம் கொடுத்த காசுக்கான விளக்கம் அதில்தான் இருக்கிறது. மஞ்சள் அட்டை என்றால் வல்லுநர் விதை, ரகத்தை உருவாக்கியவர்கள் கையிலிருந்து வருவது. அதைப் பெருக்கினால் ஆதார விதை, வெள்ளை அட்டை. அதையும் பெருக்கினால் சான்று விதை, நீல அட்டை. நமக்கு வேளாண்மைத் துறை விதை டெப்போவில் கிடைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது. நெல்லில் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிலோவில் அடையாளம் தெரிகிற பிற ரக மணி 20-க்கு மேல் இருக்கக்கூடாது.

இந்த இருபது என்கிற எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அம்பை 16-ல் ஆயிரம் மணி சுமார் 24 கிராம், ஆக ஒரு கிலோவில் நாற்பதாயிரம் மணிக்கு மேல் இருக்கும். அதில் இருபதுதான் விலகல். ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால் அதிகபட்சம் 480 மணி. வீட்டு நெல்லை எடுத்து வைத்த காலத்தில் எங்கள் வயலில் கலவன், அதாவது பிற ரகச் செடி, எவ்வளவு என்று யாரும் எண்ணியதில்லை. கதிர் வந்த பிறகு வரப்பில் நின்றால் வயல் ஏறி இறங்கித் தெரியும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

அட்டை சொல்லாத ஒன்றும் உண்டு. இத்தனை மூட்டை காணும் என்று அது எங்கும் சொல்வதில்லை. முதல் இரண்டு வருடம் நான் அதைத்தான் எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை என்றதும் ஏமாந்தேன். நாற்று ஒரே சீராக வந்தது, கதிர் நான்கைந்து நாளுக்குள் மொத்தமாக வெளியே வந்தது, அறுக்கும்போது பச்சை மணி குறைந்தது. பலன் அங்கே இருந்தது என்று நோட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஒரு தடவை அட்டையைப் பார்க்காமல் பட்ட அடியையும் சொல்கிறேன். டெப்போவில் விதை வந்து சேர்வதற்குள் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரத்தில் ஒரு தனியார் கடையில் வாங்கினேன். பை அழகாகத் தைத்திருந்தது, ரகத்தின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. பில்லில் குவியல் எண் (லாட் நம்பர்) இல்லை. நானும் கேட்கவில்லை. எண்பதாவது நாளில் பாதி வயல் கதிர் தள்ளி நிற்க, மீதி பாதி இலையை விரித்துக்கொண்டு நின்றது. அறுப்பு மிஷின் வந்த அன்று ஒரு பக்கம் மணி உதிர்கிறது, இன்னொரு பக்கம் பால் பிடித்து நிற்கிறது. விதை ஆய்வாளரிடம் போனபோது அவர் மூன்று கேட்டார்: அட்டை, குவியல் எண்ணோடு பில், கொஞ்சம் மிச்ச விதை. என்னிடம் ஒன்றும் இல்லை. பையைக்கூட மாட்டுக் கொட்டிலில் விரித்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் கால் கிலோ எடுத்துத் துணியில் முடிந்து வைக்காமல் விதைத்ததில்லை.

அட்டையில் சோதனை நாள் போட்டிருக்கும், அதிலிருந்து ஒன்பது மாதம் செல்லும். ஆனால் அந்த ஒன்பது மாதமும் மூட்டை எங்கே கிடந்தது என்று அட்டைக்குத் தெரியாது. அதனால் நான் வீட்டிலேயே ஒரு தடவை முளைப்பு பார்த்துவிடுவேன். நூறு மணியைப் பொறுக்காமல் வந்தபடி எண்ணி, நனைத்த சாக்கில் பத்துப் பத்தாக வரிசை வைத்து, சுருட்டி நிழலில் வைப்பேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். ஐந்தாம் நாள் பிரித்தால் முக்கால் கதை தெரிந்துவிடும். முளை மட்டும் வந்து வேர் வராததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தச் சாக்குதான் என்னை 2024-ல் காப்பாற்றியது. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பிசான நடவு மணல் மூடிப் போனது. வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். அடுத்த காருக்கென்று எடுத்து வைத்திருந்த விதையில் கீழ் வரிசை மூட்டைகள் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் காயவைத்தேன். கையில் அள்ளினால் நன்றாகத்தான் இருந்தது, நிறம்கூட மாறவில்லை. மேல் வரிசையில் நூற்றுக்கு 88 முளைத்தது, கீழ் வரிசையில் 41. கண்ணை நம்பி விதைத்திருந்தால் நாற்றங்கால் பாதிகூடத் தேறியிருக்காது. அன்றைக்கு ஆச்சியின் மச்சை நினைத்துக்கொண்டேன். விதை தரையில் இருக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அட்டை விதை என்றாலும் உப்புக்கரைசல் போடுவதை நிறுத்தவில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு. முட்டை போட்டால் நாலணா அகலத்துக்கு மேலே தெரிந்து மிதக்க வேண்டும். மிதக்கிற நெல்லை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், உப்பு நின்றால் முளை கருகும். அப்புறம் கிலோவுக்கு பத்து கிராம் சூடோமோனாஸ், நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி. பிசானத்தில் மார்கழிப் பனியோடு குலைநோய் வரும் வயல்களில் இதை விடக்கூடாது என்பது என் அனுபவம்.

2014 முதல் ஐந்து வருடம் நானே விதைப்பண்ணை போட்டேன், அதாவது சான்று விதையை என் வயலிலேயே விளைவித்தேன். அட்டைக்குப் பின்னால் உள்ள வேலை அப்போதுதான் தெரிந்தது. ஆதார விதை வாங்கிய ரசீதோடு விதைத்த முப்பத்தைந்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து வேறு ரகத்துக்கும் நமக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் மூன்று மீட்டர் போதும். பூக்கும்போதும் முற்றும்போதும் சான்று அலுவலர் வந்து வயலுக்குள் இறங்கி எண்ணுவார். சான்று விதைப்பண்ணையில் பிற ரகச் செடி 0.20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு இரண்டு.

இரண்டாவது வருடம் என் வயல் தள்ளுபடியானது. ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல் இருந்தது. ஆதார விதையில் குறை இல்லை. போன பூவில் அந்த வயலில் வேறு ரகம் போட்டிருந்தேன். உதிர்ந்த நெல் தானாக முளைத்து நாற்றோடு நாற்றாக நின்றுவிட்டது. பச்சையாக இருக்கும்போது என் கண்ணுக்குத் தெரியவில்லை, கதிர் வந்த பிறகு மற்றதைவிட ஒரு சாண் உயர்ந்து நின்று காட்டிக்கொடுத்தது. அந்த வருடம் எல்லாம் வெறும் நெல்லாகத்தான் விலை போனது. மறு வருடத்திலிருந்து தண்ணீர் கட்டி, முளைத்ததை மடக்கி உழுது, ஒரு வாரம் விட்டு மறுபடி உழுத பிறகே நட்டேன். கலவன் எடுக்க மதினியும் நானும் காலை ஏழு மணிக்கே இறங்கிவிடுவோம். வெயில் ஏறினால் உயர வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. செடியைக் கதிரோடு கிள்ளாமல் தூரோடு பிடுங்க வேண்டும். விட்டால் பக்கக் கிளை கதிர் தள்ளும். அறுப்பு மிஷின் வந்தால் அதன் வயிற்றைத் திறந்து துடைக்கச் சொல்லி, முதல் இரண்டு மூட்டையைத் தனியாக ஒதுக்கிவிடுவேன். இந்தக் காலத்தில் கலப்பு அதிகமும் வருவது மிஷின் வழியாகத்தான்.

வேறு ரகங்களும் பார்த்தேன். 2013-ல் வந்த கோ 51 சன்னம், 105-லிருந்து 110 நாள், விலை நன்றாகக் கிடைத்தது. எனக்குப் பிடித்தது திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் 2014-ல் வெளியிட்ட டி.பி.எஸ் 5. அம்பை 16-ஐத் தாயாகவும் ஏ.டி.டி 37-ஐத் தந்தையாகவும் கொண்டு வந்தது, அதே குண்டு மணி. மானூர்ப் பக்கம் கரிசலில் இருக்கும் என் அத்தான் உளுந்தில் வம்பன் 8-க்கு மாறி, மஞ்சள் தேமல் நோய்க்குப் பயப்படுவதை விட்டுவிட்டார்.

ஆனாலும் பழைய ரகம் என்றால் தூக்கி எறிய வேண்டியது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நம் அம்பை நிலையத்து ஏ.எஸ்.டி 7 நாட்டுக் கார் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்தது. புகையான் பூச்சியைத் தாங்கும் மரபணுக்களை முதன்முதலாக அடையாளம் கண்டு 1971-ல் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எழுதியபோது, அதில் ஒன்று இந்த ஏ.எஸ்.டி 7-ல் இருந்துதான் கிடைத்தது. நம் தாத்தாக்கள் தாமிரபரணிக் கரையில் போட்டு வந்த நெல் அது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்கள் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் பயன்படுத்த முடிந்தது.

விதையை நம் வீட்டிலேயே எடுத்து வைக்கவும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும், விற்கவும்கூட 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை கொடுக்கிறது. பையில் அட்டையும் முத்திரைப் பெயரும் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவே. என் வழக்கம்: ஒரு தடவை நீல அட்டை வாங்கினால் மூன்று பூவுக்கு வீட்டு விதை, நாலாவதுக்கு மறுபடி அட்டை. வருத்தம் ஒன்றுதான். தண்ணீர் திறந்து நாற்றங்கால் உழுத பிறகு விதை வந்து சேர்வது இன்னும் சில வருடம் நடக்கிறது. பத்து நாள் முந்தினால் என்னைப் போல அவசரத்தில் கடைக்கு ஓடுகிறவர்கள் பாதியாகக் குறைவார்கள்.

சின்னையாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. போன மாதம் சாக்கைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் எண்ணினார். எனக்கு 92, அவருக்கு 93. இந்தப் பிசானத்தில் ஒரு ஏக்கர் டி.பி.எஸ் 5, வரப்புக்கு அந்தப் பக்கம் அம்பை 16, இரண்டுக்கும் ஒரே நாற்றங்கால் தேதி, ஒரே உரம். அறுப்பு மாசியில். எடை போட்டுவிட்டு எழுதுகிறேன்.