சூத்தாம்பட்டை வலிக்கு ட்ரை நீட்லிங் ஊசி குத்திக்கிட்டேன், நாலு சிட்டிங் முடிஞ்சுது, இதான் என் ரிவியூ

பனியன் கம்பெனியில கணக்கு எழுதுற வேலைங்க எனக்கு, ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் சேர்ல. பின் பாக்கெட்ல சலான், பில், கார்டுன்னு செங்கல் கனத்துக்கு ஒரு பர்ஸ். போன ஐப்பசியில வலது பக்கம் குண்டிக்குள்ள ஆழமா ஒரு நோவு ஆரம்பிச்சு, தொடையோட வெளிப்பக்கமா இறங்கி கெண்டைக்கால் வரைக்கும் சுளீர்னு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. அம்மா நரம்பு பிசகிருச்சுன்னு விளக்கெண்ணெய் தேச்சுவிட்டாங்க, ஆபீஸ்ல எல்லாரும் சையாட்டிகான்னாங்க, அதாவது இடுப்புல இருந்து காலுக்கு எறங்குற நரம்பு வலி.

மொதல்ல போன இடத்துல (பேர் வேண்டாம்) எம்ஆர்ஐ பாத்து கீழ் முதுகுல எல்4-எல்5 எலும்புக்கு நடுவுல டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு சொல்லி இடுப்பை இழுத்து கட்டுற ட்ராக்‌ஷன் பத்து நாள் பேக்கேஜ் போட்டாங்க. காசு போச்சு, வலி போகல.

அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்லித்தான் இந்த பிசியோகிட்ட போனேன். அவர் ஸ்கேனை ஒரு ஓரமா வெச்சுட்டு படுக்க வெச்சு காலை நீட்டி தூக்கி பாத்தாரு, முட்டியை எதிர் தோள் பக்கம் மடக்கி பாத்தாரு, கால் கட்டைவிரல்ல உணர்ச்சி, பலம் எல்லாம் பாத்தாரு, எப்படியும் முக்கா மணி நேரம் இருக்கும். வலியே இல்லாத 40 வயசுக்காரங்க 100 பேருக்கு ஸ்கேன் எடுத்தாலும் பாதி பேருக்கு பல்ஜ் தெரியுங்க, உங்களுக்கு நரம்பு அமுங்கின அறிகுறி இல்ல, குண்டிக்குள்ள சதை முடிச்சு போட்டிருக்கு, வலி அங்கிருந்துதான் கீழ இறங்குதுன்னாரு. பிரிஃபார்மிஸ்னு ஒரு தசை, சையாட்டிக் நரம்பு பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு கீழதான் போகுதாம். அதுக்கு பக்கத்துல குளுட்டியஸ் மினிமஸ்னு இன்னொண்ணு, அது இறுகினா அசல் சையாட்டிகா மாதிரியே கால் வரைக்கும் இழுக்குமாம். அந்த எடத்துல அவர் கட்டைவிரலை வெச்சு அழுத்தினதும் அதே வலி அதே கோட்டுல கெண்டைக்கால் வரைக்கும் ஓடுச்சு பாருங்க, அப்பதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு.

ட்ரை நீட்லிங்னா மருந்து எதுவும் ஏத்துறது இல்ல, வெறும் ஊசிதான். அக்குபங்சர்ல வர்ற அதே மெல்லிசு ஊசி, ஆனா சக்தி ஓடுற பாதை, நாடின்னு பாக்காம நேரா முடிச்சுக்குள்ள எறக்குறாங்க. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த கென்னடிக்கு முதுகு பாத்த டாக்டர் ஜேனட் டிராவல் இந்த மாதிரி முடிச்சுக்கு மரத்துப்போற மருந்தை ஊசியில போட்டவங்களாம், 1979ல கரேல் லெவிட்னு ஒரு செக் டாக்டர் மருந்தே வேண்டாம், ஊசி பட்டாலே வலி குறையுதுன்னு எழுதினாராம். படுத்துட்டு பயத்துல நான் கேட்ட கேள்விக்கெல்லாம் மனுசன் பொறுமையா பதில் சொன்னாரு.

ஒருக்களிச்சு படுக்க வெச்சு, முட்டிக்கு நடுவுல தலகாணி, ஸ்பிரிட் பஞ்சு, கண்ணு முன்னாடி புது பாக்கெட் பிரிச்சாரு. ஊசி நீளத்தை பாத்து பகீர்னுச்சு, குண்டி சதை ஆழம்ங்கறதால விரல் நீளத்துக்கு இருக்கு. தோல்ல எறங்குறது எறும்பு கடிச்ச மாதிரிதான். உள்ள முடிச்சை தொட்டப்போ பாருங்க, அறுந்த பல்லி வால் மாதிரி சதை தானா துள்ளுச்சு, நான் பக்கத்து சுவத்தை உதைச்சுட்டேன். துள்ளுனா சரியான எடம்னு சிரிக்கிறாரு. அஞ்சு நிமிசம்தான், ஊசியை டப்பாவுல போட்டுட்டு எந்திரிக்க சொல்லிட்டாரு.

அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் அடி வாங்கின மாதிரி நோவு, பாத்ரூம்ல குத்த வெச்சு உக்கார முடியல. இதை அவர் முன்னாடியே சொன்னாரு. மூணாவது நாள் கெண்டைக்கால் இழுப்பு பாதி இல்ல, நாலாவது சிட்டிங்ல குண்டி நோவு மட்டும் லேசா மிச்சம். சிட்டிங் 600 ரூபா. இன்னும் ஆறு போடலாமான்னு நானே கேட்டேன், வேண்டாம், ஊசி கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், மல்லாந்து படுத்து இடுப்பை தூக்குற ப்ரிட்ஜிங் எக்சர்சைஸ் செய்யுங்க, பர்ஸை சட்டை பாக்கெட்டுக்கு மாத்துங்கன்னு அனுப்பிட்டாரு. எனக்கு புடிச்சதே இதான்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறவங்க முன்னாடியே சொல்லிருங்க. மலம் மூத்திரம் கட்டுப்பாடு போனாலோ, ரெண்டு தொடைக்கும் நடுவுல மரத்துப்போனாலோ இங்கெல்லாம் போகாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். கொறை என்னன்னா பேண்ட்டை எறக்கிட்டு படுத்திருக்கறப்போ மறைப்பு ஒரு ஸ்க்ரீன் துணிதான், ஃபேன் காத்துல அது பறக்குது. அதை விட, கால் இழுத்துக்கிட்டு வர்றவங்களுக்கான க்ளினிக்கை ரெண்டாவது மாடியில வெச்சிருக்காங்க, லிஃப்ட் கெடையாது.