இரண்டாவது முறையும் கலைந்த பிறகு: எந்தச் சோதனை, எந்தச் சிகிச்சை, எவ்வளவு காத்திருப்பு

எனக்கு மூன்று முறை கரு கலைந்திருக்கிறது. மூன்றும் பத்து வாரத்துக்குள். இரண்டாவது முறை, ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கம் திருப்பாமலே எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுது ஓய்ந்த பிறகு மிஞ்சியவை கேள்விகள். இப்போதே சோதனைகளைத் தொடங்குவதா, இன்னொரு முறை பார்ப்பதா? கலைந்த கருவைச் சோதிப்பதா, எங்களையா? காரணம் தெரியாமலே ஊசி போட்டுக்கொள்வதா? எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் நியாயம் சொல்ல ஆள் இருந்தது. படித்ததையும் பட்டதையும் வைத்து இரண்டையும் இங்கே எடுத்து வைக்கிறேன். எனக்கு எது சரியென்று படுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் தகராறே எண்ணிக்கையில்தான். ஐரோப்பிய, அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கங்கள் இரண்டு இழப்பு ஆனாலே "தொடர் கருச்சிதைவு" என்கின்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி மூன்று என்கிறது. ஆனால் அந்த மூன்றும் அடுத்தடுத்து நடந்திருக்க வேண்டியதில்லை என்று 2023-இல் திருத்திக்கொண்டது. சந்தேகம் இருந்தால் இரண்டிலேயே தொடங்க மருத்துவருக்கு இடமும் கொடுத்தது. காத்திருக்கச் சொல்பவர்களிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு கர்ப்பங்களில் சுமார் 15 கலைகின்றன. அப்படியென்றால் எந்தக் கோளாறும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே, நாற்பது ஐம்பது பேரில் ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு கலையலாம். கணக்கு சரிதான். ஆனால் மூன்றாவது இழப்பை அனுபவித்துத்தான் சோதனைக்குத் தகுதி பெற வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரைத் தொடர் நடுவழி ஒன்றைச் சொன்னது: முதல் இழப்புக்குப் பிறகு தகவலும் ஆறுதலும், இரண்டாவதுக்குப் பிறகு தைராய்டு போன்ற அடிப்படைச் சோதனைகள், மூன்றாவதுக்குப் பிறகு முழு ஆய்வு. எனக்கு இது பிடித்திருக்கிறது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இரண்டிலேயே முழு ஆய்வைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கருமுட்டையின் கணக்கில் கழிகிறது.

அடுத்தது, யாரைச் சோதிப்பது. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. கலைந்த திசுவைச் சோதித்து அப்படி ஒரு பிசகு தெரிந்தால் அந்த இழப்புக்கு அதுவே பதில். உங்கள் கர்ப்பப்பையோ, படி ஏறியதோ, வேலைக்குப் போனதோ காரணமில்லை. இந்தப் பதிலைத் தம்பதியின் ரத்தச் சோதனை தராது. அது வேறொன்றைக் காட்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். அவர்கள் உடம்புக்கு எந்தக் குறையும் தெரியாது, கருவுக்குப் போகும்போதுதான் கணக்குத் தப்பும். தொடர் இழப்பு உள்ள தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேரிடம்தான் இது இருக்கிறது. ஆகவே முடிந்தால் முதலில் திசு, அதில் தேவை தெரிந்தால் தம்பதி என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

திசுச் சோதனையிலும் தடுமாற இடமுண்டு. செல்களை வளர்த்துப் பார்க்கும் முறையென்றால் திசு உயிரோடு லேபுக்குப் போக வேண்டும். என் இரண்டாவது இழப்பின்போது அதை, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டார்கள். ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும், வளராது. சலைனில் (உப்பு நீரில்) வைக்கச் சொல்லி முன்பே கேட்டிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று: ரிப்போர்ட்டில் "இயல்பான பெண் குரோமோசோம்" என்று வந்தால், அது கருவுடையதா, கூடவே வந்த அம்மாவின் திசுவா என்று கேளுங்கள். அம்மாவின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் லேபாக இருந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

சோதனைப் பட்டியல் நீளமா குட்டையா என்ற கேள்வியில் நான் குட்டைப் பக்கம். ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகள், தைராய்டு, கர்ப்பப்பையின் வடிவத்துக்கு முப்பரிமாண ஸ்கேன், அறிகுறி இருந்தால் சர்க்கரை. இவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆன்டிபாடி சோதனையை இழப்பு முடிந்து ஆறு வாரமாவது கழித்துச் செய்வது நல்லது. பாசிட்டிவ் என்று வந்தால் குறைந்தது 12 வாரம் விட்டு மறுபடி உறுதிசெய்ய வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை நம்பி வாழ்நாள் முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். டார்ச் பேனல் (சில தொற்றுகளுக்கான ரத்தச் சோதனை), இயற்கைக் கொல்லி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை, பரம்பரை ரத்தஉறைவுச் சோதனைகள் எல்லாம் பெரும்பாலோருக்குப் பதில் தருவதில்லை, பயத்தைத்தான் தருகின்றன.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் ஆஸ்பிரினும் எல்லோருக்கும் எழுதப்படுகின்றன. ஆன்டிபாஸ்போலிபிட் உறுதியானவர்களுக்கு அந்த ஜோடி உண்மையிலேயே வேலை செய்கிறது. 1997-இல் லண்டனில் 90 பெண்களிடம் நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெபாரினும் சேர்த்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை உயிரோடு பிறந்தது. காரணம் தெரியாதவர்களிடம் அதே மருந்துகளைப் பரிசோதித்தது நெதர்லாந்தின் அலைஃப் ஆய்வு (2010). பலன் தெரியவில்லை. பரம்பரை ரத்தஉறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஹெபாரின் உதவவில்லை என்று 2023-இல் அலைஃப்-2 சொன்னது. அந்த ஊசி வயிற்றில் ஏற்படுத்தும் நீலத் திட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேவையில்லாமல் மாதக்கணக்கில் போட்டுக்கொள்கிற பொருளல்ல அது.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனின் கதை இன்னும் நுணுக்கமானது. காரணம் தெரியாத தொடர் இழப்பு உள்ள 836 பெண்களிடம் நடந்த பிராமிஸ் ஆய்வில் (2015) மருந்து எடுத்தவர்களில் 65.8 சதவீதம், எடுக்காதவர்களில் 63.3 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் 2019-இல் வந்த பிரிசம் ஆய்வு, ஆரம்பத்திலேயே ரத்தக்கசிவு உள்ளவர்களைப் பார்த்தது. அவர்களில் ஏற்கெனவே மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர்களிடம், மருந்து எடுக்காதவர்களில் 57 சதவீதம், எடுத்தவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. இதை ஒட்டித்தான், முன்பு ஒரு முறையாவது கலைந்து இப்போது கசிவும் இருந்தால் கொடுக்கலாம் என்று பிரிட்டன் 2021-இல் பரிந்துரைத்தது. மருந்து ஒன்றேதான், யாருக்கு, எப்போது என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஏற்றும் சிகிச்சையை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 1999-இல் வந்த ஆய்வில் அது உதவவில்லை, இழப்பு கூடுவதாகவே தெரிந்தது. 2002-இல் அமெரிக்க அரசு அதை ஆய்வுகளுக்கு வெளியே செய்யக்கூடாது என்றது.

சோதனைக்குழாய் முறையில் கருவைச் சோதித்து வைப்பதா, இயல்பாக முயல்வதா? குரோமோசோம் இடமாற்றம் உள்ள தம்பதிகள் முதல் வழியைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அது குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று நிரூபணமாகவில்லை. மறுபடி முயல ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கும் இப்போது பலமில்லை. உடம்பும் மனமும் தயாரானால் போதும்.

முழு ஆய்வுக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. நானும் அதில் ஒருத்தி. "ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன். அது நல்ல செய்தி என்று புரியப் பல வாரம் ஆனது. டென்மார்க்கில் தொடர் இழப்புக்குப் பிறகு 987 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பேருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதே சமயம், மனதுக்கு ஆகும் காயமும் எண்ணிக்கையில் சின்னதில்லை. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரம்ப கால இழப்புக்கு ஒரு மாதம் கழித்து 29 சதவீதம் பெண்களிடமும், ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பெண்களிடமும் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்த அறிகுறிகள் இருந்தன. தூக்கம் வராமல், திரும்பத் திரும்ப அந்த அறையே கண்ணில் வந்தால் அதற்கும் டாக்டர் உண்டு. கணவர் எதுவும் பேசாமல் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.

கடைசியில் எங்கள் முன்னால் இரண்டு மருத்துவமனைகள் இருந்தன. ஒன்றில் முதல் சந்திப்பிலேயே ஒன்பது மருந்து எழுதினார்கள். மற்றொன்றில் ஃபோலிக் ஆசிட் மட்டும் எழுதி, கர்ப்பம் உறுதியானதும் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தருவதாகச் சொன்னார்கள். என் கணவர் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரத்தம் பட்டால் யாரைக் கூப்பிடுவது?" முதல் இடத்தில் திங்கள் காலை வரச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் அந்த நர்ஸ் பேனாவை எடுத்து எங்கள் ஃபைலின் அட்டையிலேயே ஒரு எண்ணை எழுதினார். நாங்கள் அங்கேயே பதிந்துகொண்டோம்.