75 குதிரையிலிருந்து 150 குதிரைக்கு: டெல்லியில் ஒன்றே முக்கால் வருடம்

புது வண்டி எடுத்த மறுநாள் காலை, வசந்த் விஹார் சிக்னலில் மூன்று முறை என்ஜின் அணைந்துபோனது. பின்னால் ஹாரன் கச்சேரி. பத்து வருடம் கியர் வண்டி ஓட்டியவன், எல் போர்டு மாட்டாத குறையாக நின்றேன். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு என் காலில். என் பழைய ஸ்விஃப்ட் டீசலில் முதல் கியரைப் போட்டு கிளட்சை மெல்ல விட்டால் போதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி நகர ஆரம்பிக்கும். அதே பழக்கத்தில் 150 குதிரைத்திறன் வண்டியை எடுக்கப் பார்த்தேன். அது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது.

பழையது 2014 ஆகஸ்டில் வாங்கிய ஸ்விஃப்ட் விடிஐ. ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் என்ஜின், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்தக் காலத்தில் இந்தியாவில் பல கம்பெனி கார்களில் ஓடியது இதே என்ஜின்தான். புதியது 2024 மார்ச்சில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி பிளஸ், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். திறன் சரியாக இரண்டு மடங்கு, டார்க் 250. இதுவரை 25,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன்.

ஸ்விஃப்டை விற்க எனக்கு மனமே இல்லை. 1,38,000 கி.மீ. ஓடியும் என்ஜினைத் திறக்க வேண்டி வரவில்லை. ஆனால் அப்போது டெல்லியில் டீசலுக்கு ஆயுள் 10 வருடம்தான். பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. என் வண்டிக்கு அந்தப் பத்து வருடம் முடியும் முன்பே, 2023 நவம்பரில் ஒரு முன்னோட்டம் கிடைத்தது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியதும், கிராப் எனும் காற்று மாசுத் தடுப்புத் திட்டத்தின் மூன்றாம் நிலையை அறிவித்தார்கள். என்னுடையதைப் போல பி.எஸ். 4 என்ற பழைய புகை விதிப்படி செய்த டீசல் கார்கள் தெருவில் இறங்கக் கூடாது, இறங்கினால் 20,000 ரூபாய் அபராதம். அந்த தீபாவளிக்கு, வாசலில் கார் நிற்க, புதுச் சட்டை வேட்டியுடன் குடும்பமே ஆட்டோ பிடித்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். கொடுத்தேன்.

இன்னொரு டீசல் ஹேட்ச்பேக் வாங்கலாம் என்றால் 2024-ல் கடையில் இருந்ததே ஒன்றுதான், டாடா அல்ட்ராஸ். அப்போதைய விதிப்படி அதையும் 10 வருடத்தில் அனுப்பிவிட வேண்டும். சரி, பெட்ரோல்தான் என்று முடிவானது. பெட்ரோல் என்றால் ஏன் சும்மா ஒரு பெட்ரோல் என்ற அடுத்த கேள்வியை எழுப்பியது நான்தான். வீட்டில் யாரும் கேட்கவில்லை.

2025 ஜூலையில் பங்க்குகளில் கேமரா வைத்து, வயதான வண்டிக்கு எரிபொருள் கிடையாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பி, ஓரிரு நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. "அவசரப்பட்டுட்டியேப்பா" என்று தமிழ்ச் சங்க வாசலில் ஒரு நண்பர் தோளைத் தட்டினார். இருக்கலாம். ஆனால் கிராப் மூன்றாம் நிலை வந்தால் பி.எஸ். 4 டீசல் இன்றைக்கும் வீட்டில்தான் நிற்க வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டினேன்.

இனி ஓட்டும் விஷயம்.

ஸ்விஃப்ட் டீசல் ஓட்டியவர்களுக்கு அந்த 2,000 ஆர்.பி.எம். (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) தெரியும். அதற்குக் கீழே வண்டி தூங்கும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்ததும் முதுகில் ஒரு தள்ளு. 4,000 நெருங்கும்போது மூச்சு வாங்கிவிடும், சத்தம் மட்டும் ஏறும். ஆக, வேலை நடப்பது நடுவில் உள்ள அந்த இரண்டாயிரத்துக்குள். அதற்குள் கியர் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் டீசல் ஓட்டும் கலை. பத்து வருடத்தில் அது கையில் ஊறிப்போய், கண் முள்ளைப் பார்க்காமலே 2,200-ல் கை மேல் கியருக்குப் போய்விடும்.

விர்டஸில் 1,600-லேயே முழு டார்க்கும் வந்துவிடுகிறது, 3,500 வரை அப்படியே நிற்கிறது. பழைய பெட்ரோல் வண்டிகளைப் போல முறுக்கினால்தான் ஓடும் என்பதில்லை. அதனால் முதல் இரண்டு மாதம் அதையும் டீசல் மாதிரியே ஓட்டினேன், 2,200-ல் மேல் கியர். வண்டி முணுமுணுக்காமல் போனது. "டீசலைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு, அவ்வளவுதானே, இதற்கா இவ்வளவு காசு" என்று உள்ளுக்குள் ஓர் உறுத்தல்.

ஒரு நாள் ஆபீஸ் போகும்போது அது தீர்ந்தது. ராவ் துலாராம் மார்க் வழியாக வந்து ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் சேரும் இடம். வலது பக்கம் ஒரு டிரெய்லர், அதன் பின்னால் இன்னொன்று, நடுவில் இடைவெளி. ஸ்விஃப்டாக இருந்தால் இரண்டாவது லாரியும் போகட்டும் என்று பிரேக்கில் கால் வைத்திருப்பேன். அன்று மூன்றாவது கியரில் இருந்தேன், மேல் கியருக்குப் போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டு மிதித்தேன். 3,000, 4,000. டீசலில் எல்லாம் முடிந்துபோகும் இடம் அது. இங்கே அங்கிருந்துதான் இன்னொன்று தொடங்கியது. 5,500 வரை தொய்வே இல்லாமல் இழுத்தது. இடைவெளிக்குள் நுழைந்து காலை எடுத்து மூச்சு விட்டபோது, பின்னால் இருந்த டிரெய்லர் கண்ணாடியில் சிறியதாகத் தெரிந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது.

அதன்பின் சாலையில் இடைவெளிகளை அளக்கும் கணக்கே மாறிவிட்டது. டீசலில் முந்துவது ஒரு திட்டம்: எதிரே பார், கியர் இறக்கு, டர்போ வரும்வரை காத்திரு, பிறகு கிளம்பு. இங்கே முடிவெடுத்ததும் காரியம் முடிந்துவிடுகிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது. முந்த வேண்டாத இடத்திலும் முந்தலாமே என்று தோன்ற ஆரம்பிக்கும். முதல் ஆறு மாதத்தில் இரண்டு சலான் வந்தன. டெல்லிக்குள் பெரிய சாலைகளிலேயே 60, 70தான் எல்லை, கேமரா தூங்குவதில்லை. ஸ்விஃப்டில் 80 போனால் வண்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இதில் 80 என்பது 50 மாதிரி இருக்கிறது.

நெடுஞ்சாலையில் இந்த வண்டியின் குணமே வேறு. சோஹ்னாவிலிருந்து தௌசா போகும் புது எக்ஸ்பிரஸ்வேயில் அனுமதியே 120. ஆறாவது கியரில் கால் லேசாக வைத்திருந்தால், நான்கில் இரண்டு சிலிண்டர்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும், டிஸ்ப்ளேயில் எழுதிக் காட்டும். அது காட்டாவிட்டால் எப்போது நின்றது, எப்போது சேர்ந்தது என்று காதுக்கே தெரியாது. ஆக்ரா போகும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் எல்லை 100, பனிக்காலத்தில் இன்னும் குறைப்பார்கள். கான்கிரீட் சாலை, டயர் சூடேறும், காற்று அளவைப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. வண்டிக்குத் தகுந்த சாலை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த 165 கி.மீ.யில் தூக்கம்தான் வருகிறது.

காசு விஷயத்துக்கு வருவோம். ஸ்விஃப்ட் நகருக்குள் லிட்டருக்கு 17, 18 கி.மீ. கொடுத்தது, நெடுஞ்சாலையில் 23. விர்டஸ் குர்கான் நெரிசலில் 10, நவம்பர் மாத நெரிசலில் 9-க்கும் இறங்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் 100-ஐத் தாண்டாமல் போனால் 18 வருகிறது, 120-ல் 15. எல்லாம் டேங்க் நிரப்பி நானே போட்ட கணக்கு. 2025-ல் டெல்லியில் டீசல் லிட்டர் 87.67 ரூபாயாகவும் பெட்ரோல் 94.77 ஆகவும் இருந்தன. மாதம் ஆயிரம் கி.மீ. என்று வைத்தால் முன்பு ஐயாயிரம் ரூபாய் ஆனது, இப்போது எட்டாயிரத்துக்கு மேல். லிட்டர் விலையில் ஏழு ரூபாய்தானே வித்தியாசம் என்று வாங்கும்போது மனதைத் தேற்றியிருந்தேன், அடித்தது மைலேஜ். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஆற்றலே அதிகம். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதை ஓட்டுநர் கால் சரிக்கட்ட முடியாது.

இன்ஷூரன்ஸில் ஒரு வேடிக்கை. 1,248 சிசியும் 1,498 சிசியும் ஒரே வகுப்பு, 2024-ல் மூன்றாம் நபர் பிரீமியம் இரண்டுக்கும் வருடத்துக்கு 3,416 ரூபாய் என்ற கணக்கில் இருந்தது. சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் வண்டி விலைக்கேற்ப எகிறியது. சர்வீஸ் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை. பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவு, எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது டயர். 2024 ஜூலை மழையில் மஹிபால்பூர் சர்வீஸ் ரோட்டில் தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கியது. 'டொக்' என்ற சத்தம் பல்லில் உறைத்தது. மறுநாள் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில் ஓர் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. பஞ்சர் கடைக்காரர் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, இதை வைத்துக்கொண்டு ஹைவே பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். உள்ளே நூல் அறுந்தால் ஒட்டுப் போட வழியில்லை, புது டயர்தான். வீட்டுக்கு வந்து இரண்டு வண்டியின் டயர் எண்களையும் தாளில் போட்டுப் பார்த்தேன். ஸ்விஃப்டில் 165/80, அதாவது 165 மி.மீ. அகலத்தில் 80 சதவீதம், பக்கச் சுவர் உயரம் 132 மி.மீ. இதில் 205/55, 113 மி.மீ.தான். அந்த இரண்டு சென்டிமீட்டர் ரப்பர்தான் பத்து வருடமாக டெல்லிப் பள்ளங்களை எனக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தது. வளைவில் இந்த வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போவதும் அதே குட்டைச் சுவரால்தான். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீளம் இன்னொன்று. ஸ்விஃப்ட் 3,850 மி.மீ., இது 4,561. டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய எங்கள் குடியிருப்பில் பார்க்கிங் என்றால் பங்காளிச் சண்டை மாதிரி. மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ஸ்விஃப்டுக்கென்றே அளந்து வைத்தது போல் ஓர் இடம் இருந்தது. வாங்குவதற்கு முன் எஞ்சின் படம், டார்க் வரைபடம் எல்லாம் பார்த்தவன், ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை அளக்கவில்லை. இப்போது இரண்டு பிளாக் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிறேன். அந்த இடத்தில் எதிர்வீட்டு சர்தார்ஜியின் ஆல்டோ நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.

அம்மா குளிர்காலத்துக்கு முன் ஊரிலிருந்து வருவார். முழங்கால் வலி. முதல் நாள் ஸ்டேஷனில் ஏறும்போதே, "ஏய்யா, இது என்ன குழிக்குள்ள இறங்குத மாதிரி இருக்கு?" என்றார். ஸ்விஃப்ட் சீட்டில் அப்படியே நகர்ந்து உட்காரலாம், இதில் இறங்கித்தான் உட்கார வேண்டும். பின் சீட்டில் கால் நீட்டும் இடமும் டிக்கியில் மூட்டை முடிச்சு வைக்கும் இடமும் அவருக்குப் பிடித்துப்போயின. வேகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் இருக்கும்போது நான் நான்காயிரத்தைத் தாண்டுவதும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் டீசலுக்கு ஏங்கவே இல்லை. ஜனவரி காலை, நாலைந்து டிகிரி குளிர், சாவியைத் திருப்பிவிட்டு, என்ஜின் முன்கூட்டிச் சூடேறுவதைக் காட்டும் அந்த ஆரஞ்சு நிறச் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு என்ஜின் கடகடவென்று உயிர் பெறும்போது மேல்வீட்டு ஜன்னல் திறக்குமே, அது இப்போது இல்லை. ஆனால் இரண்டாவது கியரில், கால் எதிலும் படாமல், நெரிசலோடு நெரிசலாக நடைவேகத்தில் ஊர்ந்து போகும் சுகமும் போய்விட்டது. அது இருந்தபோது அதை ஒரு சுகம் என்றே நான் நினைத்ததில்லை. விர்டஸில் அதற்கு ஒவ்வொரு முறையும் முதல் கியரும் கிளட்சும். வெள்ளிக்கிழமை மாலை குர்கானிலிருந்து வந்து இறங்கினால் இடது முழங்கால் அம்மாவுடையதோடு போட்டி போடுகிறது. மனைவி ஆட்டோமேட்டிக் எடுக்கச் சொன்னார். கேட்டிருக்கலாம்.

ஸ்விஃப்ட் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு: திருநெல்வேலியில் இருக்கிறது. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபணையின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, மனைவியின் தம்பிக்குக் கொடுத்தேன். நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். குவாலியர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, மதுரை, ஏறத்தாழ 2,700 கி.மீ., நான்கு நாள். மொத்தமே 117 லிட்டர் டீசல் குடித்தது. கிளம்பும்போது வண்டியை விடப் போகிறோம் என்ற துக்கம் இருந்தது. நாக்பூர் தாண்டும்போது முதுகுவலி அதைத் தின்றுவிட்டது.

போன விடுமுறையில் பாளையங்கோட்டையில் அதை மறுபடி எடுத்தேன். சீட்டில் உட்கார்ந்ததும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, வைப்பர் தண்டின் லேசான ஆட்டம் உட்பட. மார்க்கெட் பக்கம் சிக்னல் விழுந்தது. கிளட்சை விட்டபடி, டெல்லி ஞாபகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். வண்டி கர்ரென்று கத்தியது, டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தான், டீசல் வண்டிய ஏன் இப்படி உறும விடுதீய? சும்மா கிளட்ச விட்டாலே போகும்லா" என்றான் மச்சினன்.

அடுத்த ஓரத்தில் நிறுத்தி, சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் மாறி உட்கார்ந்தேன்.