பன்னண்டணா வலி

பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டரிலிருந்து கிளம்பும்போது திற்பரப்பு அருவி, தோழி வீட்டுக் கல்யாணம் என்று நிறைய திட்டம் வைத்திருந்தேன். எதற்கும் போகவில்லை. மூன்று வாரமும் பெரியம்மாவின் வலியோடு கழிந்தது. அதில் முதல் பத்து நாள் வெறும் அலைச்சல். இப்படி ஒரு வீட்டுக்கு லீவில் போகிறவர்களுக்கு அந்தப் பத்து நாளாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு 72 வயது. மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. வீடு நாகர்கோவில் பக்கம். போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன் மக்ளே" என்பார். நேரில் பார்த்தால் இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறது. திருப்பிப் படுக்கவைக்க அண்ணனும் மைனியும் சேர்ந்து பிடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. அடுத்த அறையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "ராத்திரி இப்பிடித்தான். விடிஞ்சா கொஞ்சம் அடங்கும். நீ போய் ஒறங்கு" என்றார்.

காலையில் மருந்துகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். ட்ரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை, நாளைக்கு மூன்று என்று சீட்டில் இருக்கிறது. பெரியம்மா ராத்திரி அரை மாத்திரைதான் போடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு முதலில் "கிட்னிய அடிச்சிரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து உண்மையான காரணம் வந்தது. "எல்லாத்தையும் இப்பவே முழுங்கிட்டா, பொறவு வலி கூடுனா என்னத்த முழுங்க?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. இன்னும் பெரிய வலி வரும், அதற்கு மருந்து இருக்காது என்று எண்ணி, இன்றைய வலியைப் பட்டினி போல் தாங்கிக்கொண்டிருக்கிறார். அது தப்பான கணக்கு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அபினிலிருந்து எடுக்கிற கடும் வலி மருந்தான மார்ஃபினுக்கு இவ்வளவுதான் என்ற உச்ச அளவு கிடையாது. வலி கூடினால் டாக்டர் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டலாம். கிட்னி விஷயமும் நேர் தலைகீழ். வலி தாங்காத நாட்களில் அண்ணன் கம்பவுண்டரைக் கூட்டிவந்து டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டிருக்கிறார். கிட்னியைக் கெடுக்கக்கூடியது அந்த ஊசிதான். ஊசி என்றால் வைத்தியம், மாத்திரை என்றால் கெடுதல் என்று எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு நம்பிக்கை.

பெரியம்மா காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு மணி நேரம் காத்திருந்து நான்கு நிமிடம் பார்த்தோம். டாக்டர் பைலைப் புரட்டிவிட்டு அண்ணனிடம் பேசினார். பெரியம்மா பக்கத்தில் வீல்சேரில் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எலும்புக்குப் போயிடுச்சுல்ல, வலி இருக்கத்தான் செய்யும்." மார்ஃபின் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் கடைசி ஸ்டேஜ்லதாம்மா." இதுதான் எனக்குத் தாங்கவே முடியாதது. மார்ஃபினைக் கொடுப்பதும் கொடுக்காமலிருப்பதும் வலி எவ்வளவு என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறையைச் சொல்லிவிட்டது.

நாலு மெடிக்கலில் விசாரித்தேன். ஒருவர், "அந்தப் பேரை இங்க சொல்லாதீங்கம்மா, லைசென்ஸ் வம்பு" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் தண்டனை கடுமை. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைக்கப் பல துறைகளிடம் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. அதனால் பெரும்பாலான இடங்களில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த மாத்திரையைக் கையால் எழுதிப் பழகாமலே வளர்ந்துவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபின் பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. மருந்துக்கு மூலப்பொருள் விளைகிற நாட்டில் பெரியம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்.

வீட்டிலும் எதிர்ப்புதான். சித்தி, "போதை மருந்தா குடுக்கப் போற?" என்று அழுதார். அண்ணன் மகன் அமெரிக்காவில் மாத்திரைக்கு அடிமையாகி இறந்தவர்களின் வீடியோவைக் காட்டினான். அவன் சொன்னது பொய்யில்லை. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கண்காணிப்பில்லாமல் வாரி வழங்கியதில் அங்கே பெரிய நாசம் நடந்தது. ஆனால் புற்றுநோய் எலும்பை அரிக்கிற ஒருவருக்கு அளந்து கொடுப்பது வேறு விஷயம். லெஸ்டரில் என் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் குடலில் புற்று. மார்ஃபின் பாட்டில் சமையலறை மேடையில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். நர்ஸ் வந்து ராத்திரி தூங்கினாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். அதை அவனுக்குச் சொன்னேன். பாதிதான் நம்பினான்.

வழி காட்டியது மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ். முதுகில் புண் வர ஆரம்பித்திருந்ததைப் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, "இவ்வளவு வலியோட ஏன் வச்சிருக்கீங்க? திருவனந்தபுரத்துல வலிக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார். எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண கிளினிக்கிலிருந்து வளர்ந்து, 2008இல் இதற்கென்று அரசுக் கொள்கையே கொண்டுவந்த மாநிலம் கேரளம். களியக்காவிளை தாண்டினால் வேறு உலகம் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

காரில் ஒவ்வொரு பள்ளத்திலும் பெரியம்மா என் கையை நெரித்தார். மார்த்தாண்டத்தில் நிறுத்தி அரை மணி நேரம் படுக்கவைத்தோம்.

அங்கே டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு பெரியம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். "எவிடெயா வேதனை, அம்மா?" என்று ஆரம்பித்தார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னார். பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "ஒரு ரூபாய் முழு வலின்னா, இப்ப எவ்வளவு?" பெரியம்மா யோசிக்காமல், "பன்னண்டணா. ராத்திரி முழு ரூவா" என்றார். நோய் வந்து இரண்டு வருடத்தில் வலியை அளந்து சொல்லும்படி அவரிடம் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டார்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ஃபின் மாத்திரை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்து. பத்து மணிக்கு இரட்டிப்பாகப் போட்டால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். வலி வந்தபின் போடக் கூடாது, வருவதற்கு முன்பே போட வேண்டும். 1967இல் லண்டனில், தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் வற்புறுத்தியதும் இதைத்தான். கூடவே மலமிளக்கி கட்டாயம், முதல் சில நாளைக்கு வாந்தி மாத்திரை. எலும்பு வலி குறைய ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு வைக்கலாம் என்று அதற்கும் தேதி கொடுத்தார்கள். "அம்மா இதுக்கு அடிமை ஆயிருவாளா?" என்று அண்ணன் கேட்டார். கதிர்வீச்சுக்குப் பிறகு வலி இறங்கினால் மாத்திரையையும் படிப்படியாக இறக்கிவிடலாம், திடீரென்று மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு மாத்திரை ஒரு டீயின் விலைகூட இல்லை.

முதல் இரண்டு நாள் ஒரே தூக்கக் கலக்கம், குமட்டல். சித்தி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மூன்றாம் நாள் வயிறு கட்டிக்கொண்டது. "எதுக்கு அதையும் சேத்து" என்று மைனி மலமிளக்கியை நிறுத்தி வைத்திருந்தார். போன் பண்ணிக் கேட்டுச் சரி செய்தோம். ஐந்தாம் நாள் ராத்திரி சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். வலது பக்கம் திரும்பிப் படுத்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் சாளை மீன் வாங்கிப் புளிமுளம் குழம்பு வைக்கச் சொல்லிக் கேட்டார்.

இதே நிலையில் வீட்டில் யாராவது இருந்தால், ஸ்கேன் பைல், பழைய சீட்டுகள், ஆதார் எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்து வையுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நோயாளியோடு தனியாக ஒரு ராத்திரி இருங்கள், பகலில் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அண்ணன் ரயிலில் போய் மாத்திரை வாங்கி வருகிறார். நேற்று போன் பண்ணினேன்.

"இன்னைக்கு எத்தன அணா பெரியம்மா?"

"காலம்பற நாலணா. குளிக்கும்போ எட்டணா இருந்து."

"அத டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"அதையும் சொல்லணுமா மக்ளே?"

சொல்லணும் என்றேன். மைனி போனை வாங்கி, நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.