சோழவரம் ஓடுபாதை வரலாற்று நடை: தாராளமாகப் போகலாம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையைக் காட்டிக் கதை சொல்லும் நடை இது; ஆரம்பாக்கத்திலிருந்து கிளம்பினால் நம் ஆந்திர எல்லைப்பக்க ஆட்களுக்குத் தூரமே இல்லை. 350 ரூபாய் வாங்குகிறார்கள், அதற்கு மேலேயே சரக்கு இருக்கிறது.

கூட்டிப்போன அண்ணன் கதையைச் சரியான இடத்தில் ஆரம்பித்தார்: 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று ஜப்பான் குண்டு போட்டது, அப்புறம் இந்தக் கரையோரம் முழுக்க விமானத்தளம் ஏன் அவசரமாகத் தேவைப்பட்டது என்பது தானாகவே புரிந்துவிடுகிறது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், ஆனால் கையில் செயற்கைக்கோள் படத்தின் பிரதி கொடுக்கிறார்கள். விமானங்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒரு குண்டில் எல்லாம் போய்விடும் என்பதால் அந்தக் காலத் தளங்களில் தள்ளித் தள்ளி நிறுத்துவார்களாம். அந்தத் தடங்களை எப்படித் தேடுவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஓரத்தில் பெயர்ந்து கிடந்த ஒரு கான்கிரீட் பாளத்தைக் குனிந்து பார்க்கச் சொன்னார்: இணைப்பில் ஊற்றிய தார் வெயிலில் இன்னும் இளகுகிறது, அந்தக் கோட்டில் மட்டும் புல் நேராக முளைத்திருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

ஒரே குறை, போருக்குப் பின் இதே ஓடுபாதையில் நடந்த கார் பந்தயக் காலத்தை அவசரமாக முடித்துவிட்டார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை மெட்ராஸ் பந்தயம் என்றாலே சோழவரம்தான், அதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

நிழலே கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலை நடைக்கே பதிவு செய்யுங்கள்.