“எனக்கு வரைய வராதுங்க”: கலைச் சிகிச்சையில் எதிர்ப்பை எதால் அளப்பது?

கலைச் சிகிச்சை என்பது வரைவது போன்ற கலைகள் வழியாக மனதுக்குச் செய்யும் சிகிச்சை. அதற்காகக் கோவை, ஈரோடு பக்கம் பெரியவர்களிடம் வரையச் சொல்லித் தாளை நீட்டினால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். இது எதிர்ப்பா (சிகிச்சைக்கு உள்ளுக்குள் முரண்டு பிடிப்பதா), கூச்சமா, பழக்கமின்மையா? அளக்கும் கருவிகள் பல உண்டு. எல்லாம் ஒன்றையே அளப்பதில்லை.

வினாத்தாள் எளிது. 1991இல் டவுட் குழுவினர் உருவாக்கிய ரியாக்டன்ஸ் (கட்டுப்படுத்தினால் முரண்டு பிடிக்கும் குணம்) அளவுகோலில் 28 வாக்கியங்கள். ஆனால் அது ஒருவரின் சுபாவத்தைச் சொல்லும், இன்றைய அமர்வைச் சொல்லாது. அதோடு, மனசுக்குள் முரண்டு பிடித்தாலும் வாயில் “சரிங்க” என்பது நம் ஊர் மரியாதை. மதிப்பெண் குறைவாகவே விழும்.

உளவியலாளர் மஹாலிக்கின் 1994 அளவுகோலில், அமர்வைக் கவனிக்கும் பார்வையாளர் மதிப்பிடுகிறார். வேதனையை வெளியிடுவது, நினைவுகூர்வது, சிகிச்சையாளர், மாற்றம், தன்னைப் புரிந்துகொள்வது என ஐந்துக்கும் காட்டும் எதிர்ப்பு தனித்தனியாக வரும். இந்தப் பிரிப்பு அருமையானது. ஆனால் அது பேச்சுக்காக உருவானது. இருபது நிமிடம் பேசாமல் வரைபவரிடம் மதிப்பிட எதுவும் இருக்காது.

வரைந்த படத்தையே மதிப்பிடும் ஃபீட்ஸ் (FEATS) அளவுகோல் வேண்டாம். கேன்ட், டபோன் 1998இல் வெளியிட்ட இதன் 14 அளவுகள், மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் படத்தில் மனநோய் அறிகுறிகளைத் தேடுபவை. நிறமும் உயிர்ப்பும் குறைந்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஆப்பிளைக் கொய்யாவாக்கினால் மூல ஆய்வின் எண்களோடு ஒப்பிடவும் முடியாது.

எங்கள் தேர்வு நடத்தைப் பதிவு. சொல்லி முடித்ததிலிருந்து முதல் கோடு வரை எத்தனை நொடி, எத்தனை முறை அழிப்பு, “நீங்களே போட்டுக் குடுங்க” எத்தனை முறை, வரைந்ததை மூடினாரா, கிழித்தாரா. ஒப்புதலோடு வீடியோ எடுத்து, இருவர் ஒருவரையொருவர் கேட்காமல் குறிக்க வேண்டும். “அழிப்பு” என்பதற்கு முன்கூட்டியே வரையறை இல்லாவிட்டால் இருவர் கணக்கும் ஒத்துவராது; ரப்பர் வைத்த ஒவ்வொரு தடவையா, அழித்த ஒவ்வொரு உருவமா?

முதல் அமர்வைப் பின்னால் ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவாக மட்டும் வையுங்கள். இரண்டாவதில் பென்சிலுக்குப் பதில் கோலப்பொடி கொடுத்துப் பாருங்கள். தினமும் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலம் போடுகிறவர் தயங்காமல் தொடங்கினால், முதல் நாள் தயக்கம் பெரும்பாலும் பென்சில்மேல்தான். அதே அம்மா ஐந்தாவது அமர்விலும், வேறு எது கேட்டாலும் கோலமே போட்டால் அதை எதிர்ப்பு என்று குறிக்கலாம். பழகிய வடிவம் ஒளிந்துகொள்ள நல்ல இடமும்கூட.

நூற்பாலை விடுதியிலிருந்து அனுப்பி வைக்கப்பட்டவர் என்றால் தனிக் குறிப்பு வேண்டும். அவருடைய எதிர்ப்பு அனுப்பியவர்மேல் இருக்கலாம்; மஹாலிக்கின் ஐந்து பிரிவிலும் அதற்கு இடமில்லை.