பழைய பதிப்புக்குத் திரும்ப உதவும் ஸ்டீம் கன்சோல்: ஒரு மதிப்பீடு

2024 ஏப்ரல் 25 அன்று ஃபால்அவுட் 4 விளையாட்டுக்குப் புதிய அப்டேட் வந்தபோது, விளையாட்டுக்குக் கூடுதல் நிரல் வசதி தரும் எஃப்4எஸ்இ என்னும் ஸ்கிரிப்ட் நீட்டிப்பைச் சார்ந்த மோட்கள் (ரசிகர்கள் உருவாக்கும் மாற்றங்கள்) இயங்காமல் போயின. அந்த நீட்டிப்பு விளையாட்டின் இயங்கு கோப்பில் உள்ள நினைவக முகவரிகளை நேரடியாகப் பயன்படுத்துவதால், பதிப்பு மாறி அம்முகவரிகள் இடம்பெயர்ந்தவுடன் அதற்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஃபால்அவுட் லண்டன் என்னும் பெரிய மோடும் 1.10.163 என்ற பழைய பதிப்பையே கேட்டது.

அப்பதிப்புக்குத் திரும்ப நான் பயன்படுத்திய வழி, ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டுத் தளத்தின் மென்பொருளிலேயே மறைந்திருக்கும் கன்சோல், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பகுதி. செயலி (அதாவது விளையாட்டு), டெப்போ (அதன் கோப்புத் தொகுப்பு), மேனிஃபெஸ்ட் (அத்தொகுப்பின் குறிப்பிட்ட பதிப்பு) ஆகிய மூன்றின் எண்களையும் சரியாகக் கொடுத்தால், பழைய கோப்புகள் தனி ஃபோல்டரில் இறங்குகின்றன. அவற்றை விளையாட்டின் ஃபோல்டரில் நாமே நகலெடுத்து வைக்க வேண்டும். அதிகாரப்பூர்வ சேமிப்பகத்திலிருந்தே கோப்புகள் வருவதால், நம்பகத்தன்மையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பயன்பாட்டு எளிமை என்பது துளியும் இல்லை. எவ்வளவு இறங்கியது என்று காட்டும் பட்டை கூடக் கிடையாது. உறைந்துவிட்டதென்று எண்ணி நான் ஒருமுறை மூடிவிட்டது என் அவசரப் புத்தி.

ஸ்டீம் மீண்டும் புதிய பதிப்பை ஏற்றிவிடாமல் இருக்க, விளையாட்டை ஸ்டீமில் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்யும்படி அமைப்பை மாற்றிவிட்டு, எஃப்4எஸ்இ லோடர் வழியாகவே திறப்பது அவசியம். பொறுமையுள்ளவர்களுக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தரலாம். மற்றவர்கள் பழைய பதிப்புக்கு மாற்றித்தரும் ஆயத்த டவுன்கிரேடர் கருவியையே நாடுவது நல்லது.